அரைப்படியின் பதினைந்து மில்லிமீட்டர்

உங்கள் கால் எவ்வளவு நீளம்?

செருப்பு அளவைக் கேட்கவில்லை. தொடை தொடங்கும் இடத்திலிருந்து குதிகால் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்? தெரியாது, இல்லையா? உங்கள் ராசி தெரியும். இந்த வாரம் அதற்கு என்ன பலன் என்பதும் தெரியும். கோடிக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் சனி உங்களை என்னவெல்லாம் செய்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வீர்கள். நடை பழகிய நாள் முதல் உங்களைச் சுமந்து திரியும் கால்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் கேட்டவரை ஏற இறங்கப் பார்க்கிறீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். குடிநீர் அலுவலகத்து அரைப்படிக்கும் அது தெரியாமல்தான் இருந்தது. இத்தனைக்கும் யார் எதைச் சொன்னாலும் "யார் சொன்னது? அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டே ஊர் வாயில் விழுந்தவர் அவர்.

உயரம் நாலடி ஒன்பது அங்குலம். வேலை குழாய்ப் பாதை ஆய்வு. மலை மேல் தண்ணீர்த் தொட்டி, கீழே ஊர். நடுவில் ஏழு கிலோமீட்டர் குழாயும் பதினோரு வால்வுகளும், அவற்றை ஒட்டி ஏறும் ஒற்றையடிக் கல் பாதையும். எந்த இணைப்பில் ஈரம் கசிகிறது, எந்த வால்வு இறுகிவிட்டது என்று பார்த்துக்கொண்டே போய் வர வேண்டும். இருபத்திரண்டு வருடம் அதை நடந்தே பார்த்தவர்.

வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆண்கள் கூடி அவருக்கு "அரைப்படி" என்று பட்டம் கட்டினார்கள். அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கடைக்குப் போய் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, தன் தலைக்கவசத்தின் நெற்றியில் "அரைப்படி" என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றார். அதன் பிறகு அந்தப் பெயரில் காரம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்த வேலை கிடைத்ததும் சும்மா இல்லை. நேர்காணலில், "பெண்கள் மலைப் பாதைக்குத் தனியாகப் போகக் கூடாதுன்னு விதி இருக்கும்மா" என்றார்கள். "எந்தப் பக்கத்துல சார்?" என்று கேட்டார். விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு நாள் தேடினார்கள். தூசி கிடைத்தது, விதி கிடைக்கவில்லை.

கல்யாணமும் ஒரு கேள்வியில்தான் நடந்தது. அலுவலகம் தந்த சீருடைக் கால்சட்டை எல்லோருக்கும் ஒரே அளவு. இவர் போட்டால் இடுப்புப் பட்டி நெஞ்சில் வந்து நின்றது. தையல் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு பேர் தாராளமா இருக்கலாமேங்க" என்றார். "மிச்ச இடத்துக்கு நீங்க வர்றீங்களா?" என்று இவர் கேட்டுவிட்டார். வாய் துடுக்கில் கேட்டதுதான். நாலு மாதத்தில் கல்யாணம். இன்றைக்கும் அந்தத் தையல்காரர், "கால்சட்டை தைக்க வந்தவங்க கடைக்காரனையே அளவெடுத்துட்டாங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது.

இனிமேல் பாதையை ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது, இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. நடந்து போனால் முடியாது. பாதைக்கு ஒருவராக இருந்த ஐந்து ஆய்வாளர்களுக்கும் மேற்பார்வையாளருக்குமாக, மலைப் பாதையில் ஓட்டும் மின்சார சைக்கிள் ஆறு வாங்கலாம் என்று முடிவானது. பருத்த டயர், நடுவில் மோட்டார், கீழே பேட்டரி. மேற்பார்வையாளரே கடைக்குப் போனார். ஏறி உட்கார்ந்தார். கடை முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். "அருமை! இதையே ஆறு குடுங்க" என்றார். ஆறு பேரின் கால்களுக்கும் அன்றைக்கு ஒரே ஒரு முழங்கால்தான் ஓட்டுப் போட்டது.

வண்டிகள் வந்தன. ஆறு பேரும் ஆளுக்கொன்றில் ஏறி, தங்கள் காலுக்குத் தோதாக சீட்டின் உயரத்தை வைத்துக்கொண்டார்கள். வைத்த கையோடு சீட் தண்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் இழுத்துக்கொண்டார்கள். குழாய்க்காரர்களின் பழக்கம் அது. ஒவ்வொரு வால்விலும் எவ்வளவு திருப்பலாம் என்பதற்குச் சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டித் திருப்பினால் கீழே ஊருக்குள் பழைய குழாய் எங்காவது வெடிக்கும். ஆகவே அந்த அலுவலகத்தில் சாமி கும்பிடாதவர்கள் உண்டு. சிவப்புக் கோட்டை மதிக்காதவர்கள் கிடையாது.

முதல் நாளே அரைப்படியின் பெடல் கட்டை பாறையில் மோதியது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் போதும். பெடல் கட்டையையும் நடு அச்சையும் இணைக்கும் உலோகக் கைக்கு கிராங்க் என்று பெயர். அது நீளமாக இருந்தால் கால் போடும் வட்டம் பெரிதாகும். வட்டத்தின் அடிப்பக்கம் தரைக்கு நெருங்கி வரும். சாதாரண சைக்கிளாக இருந்தால், மேட்டில் கல் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிடலாம், இறங்கித் தள்ளலாம். மோட்டார் வண்டியில் அந்தக் கதை நடக்காது. மிதித்துக்கொண்டே இருந்தால்தான் மோட்டார் உதவும். மிதியை நிறுத்தினால் அதுவும் கையைக் கட்டிக்கொள்ளும். கல்லின் மேலேயே மிதித்து ஏற வேண்டும். பெடல் கல்லில் இடித்தால் வண்டி ஒரு பக்கம் துள்ளும், ஆள் மறுபக்கம் போவார்.

எல்லாருக்கும் இடித்தது. ஆனால் அவர்கள் காலை ஊன்றித் தப்பித்தார்கள். இவர் கால் தரையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தரையே இவரைத் தேடி வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் மூன்று தடவை விழுந்தார். போதாக்குறைக்கு வண்டியின் கிராங்க் நூற்று எழுபது மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் வயிறு வரைக்கும் ஏறி இறங்கியது. மாலையில் படியிறங்கும்போது இரண்டு முட்டிகளும் "மடக் மடக்" என்று படிகளை எண்ணிக்கொண்டே வந்தன.

மூன்றாவது தடவை விழுந்தது ஏழாவது வால்வுக்குப் பக்கத்தில். முழங்கை சிராய்ந்துபோய் அலுவலகம் வந்தவரை மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"என்னம்மா, தினம் ஒரு சாகசமா?"

"பெடல் இடிக்குது சார். கிராங்க் எனக்கு நீளம். மாத்தணும்."

"இதே வண்டியத்தானே மத்த நாலு பேரும் ஓட்டுறாங்க? உங்களுக்கு மட்டும் என்ன? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்ல இருக்கு!"

"கூடம் நிஜமாவே கோணலா இருந்தா சார்? அந்தக் கூடத்தை யாராவது அளந்து பாத்தாங்களா?"

மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. பதில் இல்லாத இடத்தில் உத்தரவு போடுகிறவர், அவ்வளவுதான். "வர்ற வியாழக்கிழமை நானும் கூட வர்றேன். தொட்டி வரைக்கும் போய்ட்டுத் திரும்பணும். விழாம வந்தா பாதை உங்களுக்கு. விழுந்தா அன்னைக்கே ஏணிகிட்ட வால்வுச் சாவியைக் குடுத்துட்டு புகார் ஜன்னலுக்கு வந்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

ஏணி என்பது கூட வேலை செய்யும் ஆறடி ஓரங்குலத்து இளைஞர். புகார் ஜன்னல் என்பது ஒரு சதுர ஓட்டை. அதன் வழியே ஊர் முழுக்க வந்து தண்ணீர் வரவில்லை என்று திட்டிவிட்டுப் போகும். அங்கே உட்கார்ந்தால் பாதை போனது போனதுதான். வால்வுகளைக் கைரேகை போலத் தெரிந்து வைத்திருக்கும் ஒரு பெண், சில மில்லிமீட்டர் உலோகத்துக்காக ஓட்டைக்குள் போக வேண்டும். "உங்க நல்லதுக்குத்தான்" என்று தொடங்கும் வாக்கியங்களின் கடைசியில் எப்போதும் ஒரு ஜன்னல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலமே வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனார் அரைப்படி.

அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் பேராசிரியர். ஒரு பஞ்சரை ஒட்டி முடிப்பதற்குள் காற்றழுத்தத்தின் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுவார். கடை சின்னது. கூரையிலிருந்து டயர்கள் தொங்கும். சுவரில் ஸ்பேனர்கள் உயர வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

"குட்டை கிராங்கா? அக்கா, உங்களுக்கு விஞ்ஞானம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். சுவரிலிருந்து நீளமான ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். "இறுகின நட்டைக் கழட்ட நீளமான ஸ்பேனர் வேணுமா, குட்டை வேணுமா?"

"நீளம்."

"முடிஞ்சது கதை! கிராங்கும் அதேதான். நீளமா இருந்தா பலம். உங்களுக்கு ஏற்கனவே பலம் குறைச்சல். குட்டையா போட்டா எப்படி மலை ஏறுவீங்க?"

"தம்பி, நட்டைத் திருப்ப பக்கத்துல ஒரு யானை நிக்குதுன்னு வையுங்க. அப்பவும் நீளமான ஸ்பேனரைத் தேடுவீங்களா?"

பேராசிரியர் வண்டியைப் பார்த்தார். நடுவில் யானை போல மோட்டார் உட்கார்ந்திருந்தது.

"அதுவும்... இருந்தாலும் கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா? படிச்ச இன்ஜினியர் பத்துப் பேர் உக்காந்து போட்ட அளவு அக்கா அது."

"அந்தப் பத்துப் பேர்ல நாலடி ஒன்பது எத்தனை பேர்?"

பேராசிரியர் மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். இதே மாதிரி மோட்டாருக்குப் பொருந்தும் பழைய கிராங்குகள், துணியில் சுற்றி வைத்திருந்தார். துடைத்துப் பார்த்து நூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் ஜோடி ஒன்றை வெளியே எடுத்தார். கழற்றும் கருவியைத் திருகி, பழைய கைகளை உருவி, புதியதை மாட்டி முறுக்கினார். அதற்குப் பிறகு சீட் தண்டின் பிடியைத் தளர்த்தக் கை வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்று அதட்டினார் அரைப்படி.

"சீட்டைக் கொஞ்சம் ஏத்தட்டுமா அக்கா?"

"சிவப்புக் கோட்டைத் தொடாதீங்க! அது அளந்து போட்டது."

பேராசிரியர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தார். அரைப்படி சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பவர்; பெடல் இடிப்பது ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே போனார். முந்தின வாரம் ஒரு ஏற்றத்துக்கே பதினான்கு இடிகள். இன்றைக்கு இரண்டே இரண்டு. விழவில்லை. தொட்டியடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு, பார்க்க ஆளில்லாத தைரியத்தில் ஒரு குத்தாட்டம் போட்டார். இறங்கி வரும்போதே முட்டி பேச ஆரம்பித்தது. மூன்றாவது வால்வு வருவதற்குள் கத்த ஆரம்பித்தது. முன்பைவிட மோசம். காலில் வலு போனது போல, உட்கார்ந்த இடத்திலேயே குந்தி மிதிப்பது போல இருந்தது.

வழியில் கடை வாசலில் நின்றிருந்த பேராசிரியர் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "விஞ்ஞானம் சிரிக்குது அக்கா" என்றார்.

தையல் கடைக்குள் வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார் அரைப்படி. கணவர் ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆய்வாளரம்மா, தொட்டி கீழ வந்துடுச்சா?"

"கேலி பண்ணாதீங்க. கிராங்கைக் குறைச்சா முட்டிக்கு நல்லதுன்னு கணக்குப் போட்டேன். வலி ஏறிடுச்சு. பேராசிரியர் சொன்னதுதான் சரியோ என்னவோ. வியாழக்கிழமை ஜன்னல்தான்."

கணவர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எழுந்தார். அவர் வாழ்க்கையில் சைக்கிளைப் பற்றித் தெரிந்துகொண்டது அதில் சேலையும் கால்சட்டையும் எங்கே சிக்கிக் கிழியும் என்பது மட்டும்தான். ஆனால் உடம்பு எங்கே மடங்குகிறது, எங்கே இழுக்கிறது என்பதை முப்பது வருடமாகப் பார்த்தவர். "சுவரைப் பிடிச்சுட்டு வண்டியில ஏறி உக்காரு பாப்போம்" என்றார். உட்கார்ந்தார். "மெதுவா பின்பக்கமா மிதி." மிதித்தார். தையல்காரர் குனிந்து முட்டியைப் பக்கவாட்டில் பார்த்தார், அக்குள் இறுகிய சட்டையைப் பார்ப்பது போல.

"கால் நீட்டவே மாட்டேங்குதே. அடியில போனப்புறமும் மடங்கியே இருக்கு. சட்டைக் கையைக் கீழ பதினஞ்சு மில்லி வெட்டிட்டே, சரி. தோளை என்ன பண்ணே?"

"தோளா?"

"சீட்டு. பெடல் இப்போ பதினஞ்சு மில்லி மேல நிக்குது. சீட்டு மட்டும் பழைய இடத்துலயே இருந்தா கால் எங்க போகும்? மடங்கித்தான் கிடக்கும். சீட்டையும் பதினஞ்சு ஏத்தணும்ல?"

"அது எப்படி ஏத்துறது? அங்க சிவப்புக் கோடு இருக்கு!"

"யார் போட்டது?"

அரைப்படி சீட் தண்டைக் குனிந்து பார்த்தார். விதிப் புத்தகத்தில் பக்கம் கேட்டவர், கூடத்தை அளந்தீர்களா என்று கேட்டவர், கம்பெனி இன்ஜினியர்களின் உயரத்தைக் கேட்டவர். அந்த ஒரு கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"நான்தான்."

கணவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஊரெல்லாம் போய், யார் சொன்னது யார் சொன்னதுன்னு கேப்பே. உன் கையால போட்ட கோட்டைப் பாத்துக் கும்பிட்டுட்டு நிக்குறியா? இதுக்கு ஒரு கூரையும் உண்டியலும் வெச்சுட்டா கோயிலே ஆயிடும்மா!"

"போதும் போதும்" என்றார் அரைப்படி. காது மடல் சிவந்துவிட்டது. கோபம் யார் மேல் என்று தெரியாததால் எதிரே இருந்த அளவு நாடாவைப் பிடுங்கினார். சீட்டைப் பதினைந்து மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். பழைய கோட்டைக் கணவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்தார். "என் கால் எவ்வளவுங்க?" என்று அன்றைக்குத்தான் கேட்டார். நாடாவை எடுக்காமலே, "அறுபத்தாறு சென்டிமீட்டர். இருபது வருஷமா தெரியும். நீ கேட்டதில்லை" என்றார் கணவர்.

திங்கட்கிழமை மலை ஏறியபோது முட்டி வாயே திறக்கவில்லை. இடி இரண்டு. கால் நீண்டு மடங்கியது. சின்ன வட்டத்தில் வேகமாகச் சுழற்ற முடிந்தது. வேகமாகச் சுழற்றச் சுழற்ற மோட்டாருக்கும் உற்சாகம் வந்து தள்ளியது. ஏழாவது வால்வுக் கல்லை, பழைய கடன்காரனைப் பார்ப்பது போல் கண்டுகொள்ளாமல் தாண்டினார்.

இத்தோடு விட்டிருக்கலாம். மனிதப் பிறவி விடுமா? குறைத்தது நல்லதென்றால் இன்னும் குறைப்பது இன்னும் நல்லதுதானே என்று மறுநாள் பேராசிரியர் முன்னால் போய் நின்றார்.

"பெட்டியில இருக்கறதுலேயே குட்டை எது தம்பி?"

"நூத்தி நாப்பது. சின்னப் பசங்க வண்டிது. அக்கா, வேணாம்..."

"மாட்டுங்க. ஆமா, சீட்டையும் ஏத்துங்க."

"கோடு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

பேராசிரியர் மாட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வழியனுப்பினார். நூற்று நாற்பதில் இடி ஒன்றுகூட இல்லை. அரைப்படி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போய் ஒன்பதாவது வால்வில் நின்று வேலை பார்த்தார். அந்த இடம் சுவர் போலச் செங்குத்து. திரும்ப ஏறிக் கிளம்பப் பார்த்தார். பெடல் அசையவில்லை. முழு உடம்பையும் தூக்கி நின்றார். அரைப்படிதானே எடை? வண்டி பின்னால் உருண்டது. முதல் அரைச் சுற்று மனிதக் கால்தான் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மோட்டாருக்குச் செய்தி போகும். அந்த அரைச் சுற்றுக்கு கிராங்கில் நீளம் போதவில்லை. மேடு முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கடைக்கு வந்து, "நீங்க சொன்னதுல பாதி உண்மை தம்பி" என்றார்.

"எந்தப் பாதி?"

"ஸ்பேனர். யானை வர்றதுக்கு முன்னாடி ஒரு அரைச் சுத்துக்கு அது வேணும்."

பேராசிரியருக்கு வாழ்நாளில் யாரும் பாதி உண்மைகூடத் தந்ததில்லை. நெகிழ்ந்துபோனார். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்பாங்க. அளவுக்குக் குறைஞ்சாலும் அப்படித்தான் போல" என்றபடி நூற்று ஐம்பத்தைந்தையே திரும்ப மாட்டினார். இந்தத் தடவை சீட்டை இறக்க அவரே நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புதன்கிழமை அரைப்படி ஒன்பதாவது வால்வில் வேண்டுமென்றே ஐந்து தடவை நின்று ஐந்து தடவை கிளம்பிப் பார்த்தார். ஐந்தும் ஏறியது. அளவு முடிவானது.

வியாழக்கிழமை மூன்று பேர் கிளம்பினார்கள். முன்னால் அரைப்படி, நடுவில் மேற்பார்வையாளர், பின்னால் சாவி வாங்கிக்கொள்ளத் தயாராக வந்த ஏணி. ஏணிக்கு அந்தச் சாவியில் ஆசையில்லை. "அக்கா, கொஞ்சம் பாத்துப் போங்க. நீங்க விழுந்தா நான் தினம் ரெண்டு தடவை இந்த மலையும் ஏறணும். எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

அரைப்படி கல்லைப் பார்த்தார், காலைச் சுழற்றினார். பின்னால் "டங்" என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொரு "டங்". மேற்பார்வையாளரின் பெடல். அவர் ஒவ்வொரு தடவையும், "இங்க கல்லு யார் போட்டது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மலை பதில் சொல்லவில்லை. ஏழாவது வால்வில் அரைப்படி தாண்டிப் போனார். ஒன்பதாவதில் நின்று, வால்வைத் திருகிச் சரிபார்த்து, ஏறி ஒரே மிதியில் கிளம்பினார். அதே இடத்தில் நின்ற மேற்பார்வையாளர் மூன்றாவது முயற்சியில் கிளம்பினார். தொட்டியைத் தொட்டுத் திரும்பி, அலுவலக வாசலில் வந்து நின்றபோது அரைப்படியின் குறிப்பேட்டில் ஒரே ஒரு இடி. பெடலைக் கல்லுக்குத் தானம் கொடுத்துக்கொண்டே வந்த மேற்பார்வையாளருக்குப் பதினொன்று.

"சரிம்மா, பாதை உங்களுக்குத்தான்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. ஏணி அங்கேயே கைதட்டினார்.

"கிராங்க் மாத்துனதைப் பதிவு பண்ணணும் சார். இல்லேன்னா நாளைக்கு யாராவது வந்து அனுமதி இல்லாத பாகம்னு கழட்டிடுவாங்க."

நியாயம்தான் என்று அவர் பதிவேட்டை எடுத்தார். நின்றபடியே எழுதினார். "பெண் ஊழியரின் உடல் குறைபாட்டைக் கருதி, சிறப்புச் சலுகையாக, சிறிய கிராங்க் பொருத்திக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது." எழுதிவிட்டுப் பெருமையாகப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தாராள மனதுக்காரர் முகம்.

அரைப்படி ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏம்மா! நீங்க கேட்டதைத்தானே குடுத்திருக்கேன்?"

"என் உடம்புல குறை எதுவும் இல்லை சார். அறுபத்தாறு சென்டிமீட்டர் கால், சரியா வேலை செய்யுது. இன்னைக்கு உங்களுக்கு முன்னாடி தொட்டிக்குப் போச்சு. குறை, வாங்குனப்போ அளக்காததுல இருக்கு."

"வார்த்தையில என்னம்மா இருக்கு?"

"சலுகைன்னா குடுத்தவர் திரும்ப எடுத்துக்கலாம் சார். நீங்க மாறிப் போவீங்க. அடுத்தவர் வருவார். 'சலுகை ரத்து'ன்னு ஒரு வரி எழுதுவார். நான் மறுபடி ஏழாவது வால்வுல விழுந்து கிடப்பேன். எனக்கப்புறம் இந்தப் பாதைக்கு வர்ற பொண்ணும் விழுவா. பிழைன்னு எழுதுங்க. பிழையைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் அதிகாரம் கிடையாது."

"பாதை கிடைச்சதே, அதோட போக மாட்டீங்களா? நான் இதைக் கிழிச்சுட்டா?"

கையில் கிடைத்தது கை நழுவும் நேரம் அது. அரைப்படிக்கும் அது தெரியும். ஆனாலும் பையிலிருந்து கணவரின் அளவு நாடாவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க சார். உங்க காலை அளந்துக்கிறேன். ஏணிக்கு அளந்துட்டேன், எண்பத்தொன்பது. அவருக்கு இருக்கற கிராங்க் பொருத்தம், மாத்த வேண்டியதில்லை. எல்லாருக்கும் குட்டையா போடணும்னு நான் சொல்லலை. ஆனா நீங்க இன்னைக்குப் பதினோரு தடவை இடிச்சீங்க. அதுவும் உங்க உடல் குறைபாடா சார்?"

மேற்பார்வையாளர் ஏணியைப் பார்த்தார். ஏணி கூரையைப் பார்த்தார். இருவரும் பார்க்க வேறு எதுவும் இல்லாமல் போனதும், மேற்பார்வையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். ஏணி நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். எழுபத்தெட்டு. "நூத்தி அறுபத்தஞ்சு போட்டுப் பாருங்க சார். சீட்டை அஞ்சு மில்லி ஏத்த மறக்காதீங்க. நான் மறந்து பட்டது போதும்" என்றார் அரைப்படி.

மேற்பார்வையாளர் எழுதியதன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: "வாங்கும்போது அளவெடுக்கத் தவறிய பிழை திருத்தப்பட்டது. ஆறு வண்டிகளுக்கும் ஓட்டுபவரின் கால் அளவைப் பார்த்து கிராங்க் முடிவு செய்யப்படும்." கையெழுத்துப் போட்டார். அரைப்படியும் போட்டார். கையெழுத்து மட்டும் அவருக்கு ஆறடி உயரம்.

"ஒண்ணு சொல்றேம்மா" என்றார் மேற்பார்வையாளர், செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்க புகார் ஜன்னல்ல உக்காந்திருந்தா ஊர்க்காரங்கதான் பயந்திருப்பாங்க."

மறுநாள் காலை அரைப்படி வழக்கம் போல மலை ஏறினார். அவர் பாதை அவரிடம் இருக்கிறது. இனி பேச்சு உங்களோடு.

நாளைக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போவீர்கள். அங்கே யாரோ ஒருவர் குதிகாலைத் தூக்கி நின்று அலமாரியை எட்டிக்கொண்டிருப்பார். யாரோ ஒருவர் முதுகை வளைத்துப் பாத்திரம் தேய்ப்பார். யாரோ ஒருவர் இடக்கைக்காரராக இருந்துகொண்டு வலக்கைக்காகச் செய்த கத்திரியோடு மல்லுக்கட்டுவார். அவர் குறை சொல்ல மாட்டார். கூடம் கோணல் என்று சொன்னால் ஆடத் தெரியாதவர் என்பார்களே என்று பயம். நீங்கள் போய், "உங்களுக்கு எது எட்டலை?" என்று கேளுங்கள். ஒரு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அளந்ததை எண்ணோடு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டியவர் மேசையில் வையுங்கள். அவர் "சலுகை" என்று எழுதினால் வாங்காதீர்கள். அடித்து எழுதும் வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.